முந்தித் தாக்குவதா, பொறுப்பதா: 1962 அக்டோபர் ஒலிநாடாக்களைக் கேட்ட அனுபவம்

இன்னொரு நாட்டின் மீது முந்திக்கொண்டு குண்டு வீசலாமா என்று ஓர் அரசின் தலைவரும் அமைச்சர்களும் தளபதிகளும் மூடிய அறைக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது பொதுவாக வெளியே வருவதில்லை. முடிவு மட்டும் வரும். அதற்கான காரணங்கள் அழகாகக் கோக்கப்பட்டு அறிக்கையாக வரும். யார் தயங்கினார்கள், யார் அவசரப்பட்டார்கள், யார் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொன்னார்கள் என்பவை அந்த அறையோடு போய்விடும். அப்படிப் போகாமல் தப்பிய ஒன்றைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்ட 1962 அக்டோபரில், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி தம் ஆலோசகர்களோடு நடத்திய கூட்டங்களின் ஒலிநாடாக்களை, பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகம் தன் இணையதளத்தில் எவரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையம் அதே நாடாக்களைக் காதால் கேட்டுப் பிரித்தெடுத்து எழுத்துப்படிகளாகத் தந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே சேவையாகக் கொண்டு, கடந்த சில மாதங்களாக நான் கேட்டதையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒரு கல்லூரியில் மாணவர்களின் விவாத மன்றத்தை நடத்திவருகிறேன். 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கி, அடுத்த பத்து நாட்களுக்குள் அமெரிக்காவும் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்களைத் தாக்கியபோது, எங்கள் மாணவர்கள் கேட்டு வாங்கிய தலைப்பு 'ஆபத்து வளரும் முன் தாக்குவது அரசின் கடமையா' என்பதுதான். இரு அணியினரும் நன்றாகவே பேசினார்கள். ஆனால் இரு பக்கத்திலும் ஒரே குறை எனக்குப் பட்டது: எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்கள்போலப் பேசினார்கள். எதிரியிடம் என்ன இருக்கிறது, அவன் என்ன செய்வான், ஒரு தாக்குதலோடு கதை முடிந்துவிடுமா, முடியாதா என்பவையெல்லாம் அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தன. உண்மையில் முடிவெடுக்க வேண்டிய நாற்காலியில் இருப்பவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைக் காட்டும் ஓர் ஆவணம் வேண்டும் என்று தேடியபோதுதான் இந்த நாடாக்களுக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் பொருளின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1962 கோடையில், அதிபரின் வேண்டுகோளின்படி, ரகசியப் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் பவுக் என்பவர் வெள்ளை மாளிகையின் அமைச்சரவைக் கூடத்தில் ஒலிவாங்கிகளை மறைவாகப் பொருத்தினார். அடித்தளத்தில் டாண்ட்பெர்க் வகை நாடாக் கருவிகள் சுழன்றன. அதிபர் தம் இருக்கையிலிருந்தபடியே தொட்டு இயக்கப் பொத்தான் இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஏறக்குறைய யாருக்கும் தங்கள் பேச்சு பதிவாகிறது என்பது தெரியாது. சேமிக்கப்பட்டவற்றில் கூட்டப் பதிவுகள் மட்டும் ஏறத்தாழ 248 மணி நேரம். அவற்றில் ஏவுகணை நெருக்கடியைச் சேர்ந்தவை ஒரு பகுதிதான். அந்தக் காலத்துக் கருவி, மறைத்து வைத்த ஒலிவாங்கி, பெரிய அறை. எனவே இரைச்சல் நிறைய உண்டு. காகிதம் புரளும் ஒலி, கோப்பை வைக்கும் ஒலி, மேசையின் மறுகோடியில் இருப்பவரின் முணுமுணுப்பு ஆகியவை பேச்சை அடிக்கடி விழுங்கிவிடும். கைபேசியின் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தபடியே கேட்கக்கூடிய பதிவுகள் இவை அல்ல. நல்ல ஹெட்போனும், எதிரில் எழுத்துப்படியும், தடங்கலற்ற ஒரு மணி நேரமும் வேண்டும். அவ்வளவு உழைப்புக்கும் இது தகுதியானதா என்று கேட்டால், தகுதியானது என்று தயங்காமல் சொல்வேன்.

அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.50. முதல் பதிவு ஒரு குழந்தையின் குரலோடு தொடங்குகிறது. கென்னடியின் மகள் கரோலின் அப்பாவோடு அறைக்குள் வந்திருக்கிறாள். ஐந்து வயது நிறையவில்லை. அவள் போனதும் படங்களை விளக்குபவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். இரண்டு நாட்களுக்கு முன் யு-2 உளவு விமானம் எடுத்த படங்கள் அவை. பழக்கமில்லாத கண்ணுக்கு வயலும் தென்னையும் பாதையுமாகத் தெரிகிற இடத்தில், ஆர்தர் லண்டால் என்ற படநிபுணர் ஏவுகணை வண்டிகளைச் சுட்டிக்காட்டுகிறார். உடனே எழும் கேள்வி: இவை இப்போதே ஏவத் தயாரா? சிட்னி கிரேபீல் என்ற ஏவுகணை நிபுணர், தயாராக இல்லை என்று தாம் நினைப்பதாகச் சொல்கிறார். பாதுகாப்புத் துறைச் செயலர் ராபர்ட் மெக்னமாரா வேலியைப் பற்றிக் கேட்கிறார். அணுவெடித்தலைகள் இருக்கும் இடம் என்றால் சுற்றிலும் காவல் வேலி இருக்க வேண்டும்; படத்தில் வேலி தெரியவில்லை; ஆகையால் வெடித்தலைகள் இன்னும் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். ஒரு நாட்டின் மீது குண்டு வீசுவதா வேண்டாமா என்பதும், வீசுவதானால் எத்தனை நாட்களுக்குள் என்பதும், பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு வேலி தெரிகிறதா என்பதைப் பொறுத்து நிற்கின்றன. இந்தப் பகுதியை நான் மூன்று முறை கேட்டேன். புலனாய்வுத் தகவல் என்று நாம் செய்தியில் கேட்கிற சொல்லின் உள்ளே இருப்பது இப்படிப்பட்ட ஊகம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த முதல் கூட்டத்தின் முடிவில் கென்னடி எங்கே நிற்கிறார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஏவுகணைகளைத் தாக்கி அழிக்கத்தான் போகிறோம், எவ்வளவு பெரிதாகத் தாக்குவது என்பதே மீதிக் கேள்வி என்ற நிலையில் இருக்கிறார். நெருக்கடியைப் பொறுமையால் கடந்தவர் என்று பின்னாளில் புகழப்பட்ட அதே மனிதர், முதல் நாள் நண்பகலில் முந்தித் தாக்குவதன் பக்கம் இருக்கிறார். பிற்காலத்தில் நிதானத்தின் குரலாக அறியப்பட்ட அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி, அன்றைய கூட்டத்தில் 1898-இல் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் மூழ்கி ஸ்பெயினுடனான போருக்குச் சாக்கானதை நினைவூட்டி, அப்படி ஏதாவது ஒரு சாக்கை உருவாக்க முடியுமா என்று வாய்விட்டு யோசிக்கிறார். இதைக் கேட்டுவிட்டு அவர்களைக் குறைத்து மதிப்பிட எனக்குத் தோன்றவில்லை. முதல் நாள் எண்ணத்தை முதல் நாளே செயலாக்காமல் இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதே நாள் மாலைக் கூட்டம் இன்னும் கூர்மையானது. தாக்குதல் என்ற யோசனை எப்படித் தானாகவே பெருத்துக்கொண்டு போகிறது என்பதை அடிக்கு அடி கேட்கலாம். முதலில் ஏவுகணைத் தளங்களை மட்டும் அடிப்பது என்கிறார்கள். அப்படியானால் கியூபாவில் உள்ள மிக் போர் விமானங்கள் எழுந்து வந்து ஃபுளோரிடாவைத் தாக்குமே, எனவே விமானத்தளங்களையும் சேர்க்க வேண்டும். விமான எதிர்ப்பு ஏவுகணைகள் நம் விமானங்களை வீழ்த்துமே, அவற்றையும் சேர்க்க வேண்டும். இத்தனையும் அடித்த பிறகு தரைப்படையை இறக்காமல் எப்படி விடுவது? சின்னதாக, கத்தி வைத்ததுபோல் துல்லியமாக என்று தொடங்கிய பேச்சு அரை மணி நேரத்துக்குள் படையெடுப்பாக வளர்ந்து நிற்கிறது. இத்தனைக்கும் பிறகும் எல்லா ஏவுகணைகளும் அழியும் என்பதற்கு உறுதி உண்டா என்றால், நூற்றுக்கு நூறு ஒருபோதும் முடியாது என்று கூட்டுப்படைத் தலைவர் ஜெனரல் மாக்ஸ்வெல் டெய்லரே ஒப்புக்கொள்கிறார்.

அந்த மாலையில்தான், சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏன் இப்படிச் செய்தார் என்று விளங்காமல், இது நாம் திடீரென்று துருக்கியில் ஏவுகணைகளைக் கொண்டுபோய் வைப்பதைப் போன்றது, அது எவ்வளவு ஆபத்தானதாக இருக்கும் என்று கென்னடி சொல்கிறார். நாம் வைத்திருக்கிறோமே, மிஸ்டர் பிரசிடென்ட் என்று அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியின் குரல் வருகிறது. அமெரிக்காவின் ஜூபிட்டர் ஏவுகணைகள் பதினைந்து துருக்கியில் நின்றுகொண்டிருந்தன. எழுத்தில் படிக்கும்போது இது சாமர்த்தியமான பதில்போலத் தோன்றலாம்; காதால் கேட்கும்போது அப்படி இல்லை. எதிராளி செய்தது தமக்கு எவ்வளவு அநியாயமாகத் தெரிகிறதோ, அதையே தாம் செய்தபோது எவ்வளவு இயல்பாகத் தெரிந்தது என்பதை அறையில் இருந்தவர்கள் அந்தக் கணத்தில் தொட்டுவிட்டு, நிற்காமல் கடந்து போய்விடுகிறார்கள். பின்னர் அக்டோபர் 27 அன்று இதே துருக்கி ஏவுகணைகள்தான் வழி திறக்கின்றன.

அக்டோபர் 18 காலைக் கூட்டத்தைத்தான் விவாதம் என்ற வகையில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் ஜார்ஜ் பால், எச்சரிக்கை இல்லாமல் தாக்கினால் அது பேர்ல் ஹார்பர் ஆகிவிடும், அப்படி நடந்துகொள்வது சோவியத் யூனியனிடம் எதிர்பார்க்கக்கூடியது, அமெரிக்காவிடம் அல்ல என்கிறார். 1941-இல் ஜப்பான் முந்திக்கொண்டு தாக்கியதைத் தம் வாழ்நாளிலேயே பார்த்தவர்கள் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள். இருபத்தோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ராபர்ட் கென்னடி அந்த வாதத்தைப் பற்றிக்கொள்கிறார். நாம் எப்படிப்பட்ட நாடு என்ற கேள்வி இது என்று அவர் பேசும்போது, இரண்டு நாட்களுக்கு முன் சாக்குத் தேடியவரும் இவர்தானா என்று நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. நம் பட்டிமன்றங்களில் அணி மாறினால் ஆட்டம் போய்விடும். எடுத்த கட்சியைக் கடைசி வரை தாங்குவதுதான் திறமை. இங்கே அணி மாறியவர்களால்தான் விவாதம் விவாதமாக இருந்தது. என் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டது இதைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அன்று நள்ளிரவை ஒட்டிய ஒரு சிறு பதிவும் உண்டு. இரவுக் கூட்டம் மாளிகையின் வசிப்பிடத்தில் நடந்ததால் அது பதிவாகவில்லை. ஆகவே கென்னடி தம் அலுவலகத்துக்குத் தனியாக வந்து, கருவியை இயக்கி, யார் யார் என்ன சொன்னார்கள், கருத்து எப்படித் தாக்குதலிலிருந்து கியூபாவைக் கடல்வழியே முற்றுகையிடுவதை நோக்கி நகர்ந்தது என்று சொல்லிப் பதிவு செய்கிறார். எதிரில் யாரும் இல்லை. களைத்த குரல். சில நிமிடங்கள்தான். ஆனால் இந்தத் தொகுப்பில் எனக்கு மிக நெருக்கமாக அமைந்த பகுதி இதுவே.

அடுத்த நாள், அக்டோபர் 19, முப்படைத் தளபதிகளுடனான கூட்டம். அவர்கள் அனைவரும் உடனடித் தாக்குதலை வேண்டுகிறார்கள். விமானப்படைத் தலைவர் கர்ட்டிஸ் லெமே, முற்றுகை என்பது 1938-இல் மியூனிக்கில் ஹிட்லருக்கு அடிபணிந்ததற்குக் கிட்டத்தட்டச் சமம் என்று அதிபரின் முகத்துக்கு நேரே சொல்கிறார். கென்னடியின் தந்தை அந்தக் காலத்தில் லண்டனில் தூதராக இருந்து, சமரசப் போக்கை ஆதரித்தவர் என்பதை நினைத்தால் அந்தச் சொல் எங்கே குத்தியிருக்கும் என்பது விளங்கும். நீங்கள் நல்ல சிக்கலில் இருக்கிறீர்கள் என்ற பொருளில் லெமே சொன்னதும், நீங்களும் என்னோடு அதே சிக்கலில்தான் இருக்கிறீர்கள் என்று அதிபர் திருப்பிச் சொல்கிறார். கூட்டம் முடிந்து கென்னடி வெளியேறுகிறார். நாடா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கதவு சாத்தியபின் தளபதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பதிவாகிறது. கடற்படைத் துருப்புகளின் தலைவர் ஷூப், அதிபரின் காலடியிலிருந்து கம்பளத்தை உருவிவிட்டீர்கள் என்று லெமேயைப் பாராட்டுகிறார். பதவியில் இருப்பவரைச் சுற்றி அறிவுரை என்ற பெயரில் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்பதை இதைவிடக் கிட்டத்திலிருந்து கேட்க முடியாது. ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அந்தத் தளபதிகளை வெறும் போர்வெறியர்களாக நான் கேட்கவில்லை. தாமதித்தால் ஏவுகணைகளை மறைத்துவிடுவார்கள், பிறகு நினைத்தாலும் அழிக்க முடியாது என்ற அவர்களுடைய வாதத்தில் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் எதிராளியின் அடுத்த அடிக்கு இடம் போதவில்லை.

குறை என்று பார்த்தால், முதன்மையான குறை இடைவெளிகள். முற்றுகை என்று முடிவான அக்டோபர் 20 கூட்டம் வசிப்பிடத்தின் மாடியில் நடந்ததால் ஒலிப்பதிவு இல்லை. எழுதப்பட்ட குறிப்புகள்தான் உண்டு. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லித் தேர்தல் பயணத்தை முறித்துக்கொண்டு அன்று கென்னடி சிகாகோவிலிருந்து திரும்பியிருந்தார். (நம் நாட்டில் 1962 அக்டோபர் என்றதும் நினைவுக்கு வருவது வேறு. இதே அக்டோபர் 20 அன்றுதான் சீனப்படை லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் தாக்கத் தொடங்கியது. கியூபாவின் கதை நம் வீடுகளில் அதிகம் பேசப்படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.) மறுநாள் அக்டோபர் 21 அன்று, வான்தாக்குதலை நடத்த வேண்டிய ஜெனரல் வால்ட்டர் ஸ்வீனி, எல்லா ஏவுகணைகளையும் அழித்துவிடலாம் என்ற உறுதியைத் தர இயலாது என்று கூறிய கூட்டமும் பதிவில் இல்லை. விவாதத்தின் முடிச்சு விழுந்த இடத்திலேயே நாடா மௌனமாகிவிடுகிறது. ஆகையால் இதை மட்டும் கேட்டு முழுக் கதையும் தெரிந்துவிட்டதாக எண்ணுவது தவறு. அந்த நாட்களுக்கு எழுத்துக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை: பதிவாகிறது என்பது கென்னடிக்குத் தெரியும், பெரும்பாலோருக்குத் தெரியாது. எனவே அவர் பேசுவதை மற்றவர்கள் பேசுவதைப் போல அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்துப்படிகளிலும், தொடக்கத்தில் வெளியானவற்றில் கேட்டுத் தவறாக எழுதிய இடங்கள் இருந்தன, பின்னர் திருத்தப்பட்டன. சந்தேகம் வரும்போது எழுத்தை விட்டுவிட்டு ஒலிக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சேவையின் பெரிய பலமே அப்படித் திரும்ப முடிகிறது என்பதுதான்.

அக்டோபர் 22 மாலை, முற்றுகையை நாட்டுக்கு அறிவித்த தொலைக்காட்சி உரைக்குச் சற்று முன், நாடாளுமன்றத் தலைவர்களை அழைத்து விவரம் சொல்லும் பதிவையும் தவறவிட வேண்டாம். செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல் படையெடுப்பையே வேண்டுகிறார்; பின்னாளில் வியட்நாம் போரை எதிர்த்தவராக அறியப்பட்ட வில்லியம் ஃபுல்பிரைட்டும் அவருடன் நிற்கிறார். ஆறு நாட்கள் யோசித்தவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு முன் செய்தி அறிந்தவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு அது. கென்னடியும் முதல் நாள் ஏறத்தாழ அங்கேதான் நின்றிருந்தார்.

அக்டோபர் 27, சனிக்கிழமைப் பதிவுகள் பல மணி நேரம் நீள்கின்றன. கேட்பவருக்கும் களைப்பு வந்துவிடும், ஏனெனில் அறையில் இருந்தவர்களே களைத்துப்போயிருந்தார்கள். மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் ஓட்டிய யு-2 கியூபாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் இறந்த செய்தி பிற்பகலில் அறைக்குள் வருகிறது. விமானம் வீழ்த்தப்பட்டால் அந்தத் தளத்தைத் தாக்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்தபடி செய்யவில்லை, கென்னடி நிறுத்திவைக்கிறார். கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுத்தால் துருக்கியிலிருந்து எடுப்பது என்ற பேரம், நடுநிலையாகப் பார்க்கும் எவருக்கும் நியாயமாகவே தோன்றும் என்று அவர் ஆலோசகர்கள் அநேகரை எதிர்த்து மீண்டும் மீண்டும் சொல்கிறார். அன்று இரவு ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்துத் துருக்கி ஏவுகணைகளைப் பற்றி ரகசிய உறுதி தந்தார். அதைத் தீர்மானித்த சிறு கூட்டம் பதிவில் இல்லை.

இனி, நாடாவில் இல்லாத, ஆனால் நாடாவைக் கேட்கும்போது மனத்தில் வைத்துக்கொண்டே தீர வேண்டிய செய்தி. வேலி தெரியவில்லை, ஆகையால் வெடித்தலைகள் வந்திருக்காது என்று அக்டோபர் 16 அன்று பேசிக்கொண்டார்கள் அல்லவா? இண்டிகிர்கா என்ற சோவியத் கப்பல் அணுவெடித்தலைகளை ஏற்றிக்கொண்டு அக்டோபர் 4 அன்றே கியூபாவின் மரியல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. கியூபாவில் சோவியத் துருப்புகள் பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும் என்பது அமெரிக்கக் கணிப்பு. இருந்தவர்கள் சுமார் 42,000 பேர். கரையிறங்கும் படையின் மீதும் கியூபாவிலேயே இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவின் மீதும் வீசக்கூடிய போர்க்களத்து அணு ஆயுதங்கள் அங்கே இருந்தன என்பது 1992-இல் ஹவானாவில் நடந்த மாநாட்டில், சோவியத் தளபதி அனடோலி கிரிப்கோவ் சொன்னபோதுதான் மெக்னமாராவுக்கே தெரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து. துல்லியமான தாக்குதல், அதன்பின் படையெடுப்பு என்று அந்த மேசையில் பேசப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் இந்த அறியாமை கிடந்தது. அறையில் இருந்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அவர்களிடம் உலகின் மிகச் சிறந்த படங்கள் இருந்தன. அப்படியும் தெரியவில்லை.

முந்தித் தாக்குவதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு என்பதையும் இந்த நாடாக்கள் தெளிவாக்குகின்றன. எதிரி கையை ஓங்கிவிட்டான், அடி விழப்போகிறது என்ற நிலையில் முந்துவது ஒன்று. என்றைக்கோ ஓங்கக்கூடும், இப்போதே கையை முறித்துவிடுவோம் என்பது மற்றொன்று. 1962-இல் பேசப்பட்டது பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆனால் அறையில் அது முதல் வகையின் அவசரத்தோடும் அச்சத்தோடும் பேசப்பட்டது. ஏவுகணைகள் இயங்கத் தொடங்குமுன் என்ற கெடு அந்த அவசரத்தைத் தந்தது. இன்றும் தாக்குதலுக்கு ஆதரவாக யாராவது பேசும்போது நான் முதலில் கவனிப்பது அந்தக் கெடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

எனக்கு வருத்தம் தந்த ஒன்று, அத்தனை மணி நேரப் பேச்சில் கியூபாவின் மக்களைப் பற்றிய பேச்சு அவ்வளவு குறைவாக இருக்கிறது. தளங்கள், விமானங்கள், பறப்புகளின் எண்ணிக்கை எல்லாம் விரிவாக வருகின்றன. குண்டு விழும் நிலத்தில் வாழ்பவர்கள் எப்போதாவது ஒரு தொடரில் தலைகாட்டிவிட்டு மறைகிறார்கள். விவாத மன்றத்தில் எங்கள் மாணவர்களின் பேச்சிலும் ஈரானியர்கள் அப்படித்தான் மறைந்திருந்தார்கள்.

வரலாறு படிப்பவர்கள், விவாதப் பயிற்சி தருபவர்கள், இதழாளர்கள் ஆகியோருக்கு இந்தச் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலம் ஓரளவு நன்றாகப் பழகியிருக்க வேண்டும். பாஸ்டன் உச்சரிப்புக்குக் காது பழக முதல் அரை மணி நேரம் ஆகும். பரபரப்பான அக்டோபர் 27-இல் தொடங்காமல், 16-ஆம் தேதியின் இரண்டு கூட்டங்கள், 18-ஆம் தேதிக் காலை, அன்றைய நள்ளிரவுப் பதிவு, 19-ஆம் தேதித் தளபதிகள் என்ற வரிசையில் கேளுங்கள். துண்டுகளாக வெட்டித் தரப்பட்டவற்றைவிட முழுப் பதிவுகள் மேலானவை. மனம் மாறுவதைத் துண்டில் கேட்க முடியாது.

போன மாதம் எங்கள் மன்றத்தில் 16-ஆம் தேதி மாலைப் பதிவின் பத்து நிமிடங்களை ஒலிபெருக்கியில் போட்டு, எழுத்துப்படியின் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்துக் கேட்கச் செய்தேன். துருக்கியைப் பற்றிய அந்த இடம் வந்து போனதும், ஜூனில் தாக்குதலுக்கு ஆதரவாக மிக நன்றாகப் பேசிய மாணவி கையைத் தூக்கி, "ஐயா, இன்னொரு முறை போடுங்கள்" என்றாள். போட்டேன். மூன்றாவது முறையும் கேட்டாள்.